விரலுக்குத் தகுந்த வீக்கம், சில்லுக்குத் தகுந்த பம்பு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கொம்தார் வட்டாரக் கணினிக் கடைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஏதாவது ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில், வண்ண விளக்கொளியில் நீர் சுழன்றோடும் கணினி ஒன்று நிற்கும். கூட்டம் அதைச் சுற்றித்தான். சென்ற விடுமுறையில் அப்படி நின்றிருந்த படிவம் 4 மாணவர் ஒருவர், இரண்டு பம்புப் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அங்கிள், இதுல மணிக்கு 1,500 லிட்டர்னு போட்டிருக்கு. அதுல 1,000தான். விலை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ 1,500 எடுத்தா நல்லா குளிரும்தானே?"

கேள்வியில் தவறில்லை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதே அந்த எண்தான். ஆனால், அந்த எண்ணுக்கும் அவருடைய கணினி எவ்வளவு குளிரும் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அதை அங்கேயே நின்றுகொண்டு முழுமையாக விளக்க முடியவில்லை. அவரைப் போல் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். நம் பிள்ளைகள் கணினியை நீரால் குளிர்விக்கும் பொருள்களை எண்ணின் பருமனைப் பார்த்து வாங்குகிறார்கள். கணக்குப் போட்டு வாங்குவதில்லை. அதற்கு வேண்டிய கணக்கு உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. படிவம் 4 இயற்பியலில் வெப்பம் பற்றிய நான்காம் அத்தியாயமும் படிவம் 5-இல் அழுத்தம் பற்றிய இரண்டாம் அத்தியாயமும் போதும். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தப் பக்கங்கள், கடையில் உங்கள் பெற்றோரின் சில நூறு ரிங்கிட்டைக் காப்பாற்றும்.

நீர் என்ன செய்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் லாரி மட்டுமே அது. சில்லின் மேல் அமர்ந்திருக்கும் செப்புக் கட்டைக்கு வாட்டர் பிளாக் என்று பெயர். அங்கே வெப்பம் நீரில் ஏறுகிறது. பம்பு அந்த நீரைத் தள்ளுகிறது. ரேடியேட்டரில் வெப்பம் காற்றில் இறங்குகிறது. நீர் மறுபடியும் பிளாக்குக்குத் திரும்புகிறது.

காற்றை விட்டுவிட்டு நீரை ஏன் தேடினார்கள்? ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலை 1 பாகை உயர ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 1.2 ஜூல் போதும். அதாவது ஒரே கொள்ளளவில் நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. நீங்கள் பள்ளியில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று படிக்கும் தன்வெப்ப ஏற்புத்திறன் இதுதான்.

இன்றைய சில்லுகளுக்கு அந்தச் சுமைதாங்கி தேவைப்படுகிறது. இன்டெலின் கோர் ஐ9-14900கே என்ற மையச் செயலி முழுவேகத்தில் 253 வாட் வரை மின்திறனை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அந்தச் சில்லின் பரப்போ ஏறத்தாழ இரண்டரைச் சதுர செண்டிமீட்டர்தான். ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் 2,000 வாட் மின்னடுப்பின் தட்டு 20 செண்டிமீட்டர் விட்டம் கொண்டதாக இருந்தால், அதில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 6 அல்லது 7 வாட்தான் வரும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில், அடுப்பைப்போல் பதினைந்து மடங்கு நெருக்கமான வெப்பம்!

எவ்வளவு நீர் ஓட வேண்டும்?

இப்போது கணக்குக்கு வருவோம். சில்லு 250 வாட் வெப்பம் தருகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடினால், பிளாக்குக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு? 4,200-ஐ 60 வினாடியால் வகுத்தால் 70. அதாவது ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் இந்த ஓட்டம் 70 வாட்டை அள்ளிச் செல்லும். 250-ஐ 70-ஆல் வகுத்தால் 3.6 பாகை.

ஓட்டத்தை இரட்டிப்பாக்கி 2 லிட்டர் ஆக்கினால் 1.8 பாகை. 4 லிட்டர் ஆக்கினால் 0.9. 8 லிட்டர் ஆக்கினால் 0.45. எண்களைக் கவனியுங்கள். 1-இலிருந்து 2 லிட்டருக்குப் போனபோது 1.8 பாகை லாபம். 4-இலிருந்து 8-க்குப் போனபோது அரைப் பாகைகூட இல்லை. நான்கு லிட்டருக்கு மேல் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் ஏறத்தாழ நீரில் கரைத்த காசுதான். நன்றாக அமைந்த ஒரு கணினியில் நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் ஓடினால் போதும். மணிக்கணக்கில் சொன்னால் 180 முதல் 300 லிட்டர். பெட்டியில் இருக்கும் 1,500 எங்கே, நமக்கு வேண்டிய 300 எங்கே!

"நீர் மெதுவாக ஓடினால்தான் ரேடியேட்டரில் நின்று நன்றாகக் குளிரும்" என்று இதற்கு நேர்மாறாகச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. ரேடியேட்டரில் நின்று குளிரும் நீர், பிளாக்கிலும் நின்று சூடேறுமே! மூடிய சுற்றில் ஒரு பக்கம் மட்டும் நேரத்தை நீட்ட முடியாது. ஓட்டம் கூடினால் குளிர்ச்சி கொஞ்சம் கூடும், ஒருபோதும் குறையாது. ஆனால், அந்தக் 'கொஞ்சம்' மிக விரைவில் தீர்ந்துவிடும். அதுதான் நினைவில் வைக்க வேண்டியது.

ஒன்றாகச் சேராத இரண்டு எண்கள்

பம்புப் பெட்டியில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மணிக்கு எத்தனை லிட்டர் ஓட்டம். மற்றொன்று, எத்தனை மீட்டர் ஏற்ற உயரம். கணினிக்காரர்களிடையே நெடுநாள் புழங்கிவரும் இரண்டு பம்பு வகைகளை எடுத்துக்கொள்வோம். லைங் என்ற பெயரில் அறிமுகமான டி5 பம்பின் உச்ச ஓட்டம் மணிக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர். ஏற்ற உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். அதன் உடன்பிறப்பான டிடிசி பம்பின் ஓட்டம் ஏறத்தாழ 1,000 லிட்டர். ஆனால், அதன் வலிமையான வகையின் ஏற்ற உயரம் ஏறத்தாழ 5 மீட்டர்.

இவற்றில் எது பெரிது? இந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. 1,500 லிட்டர் என்பது குழாய், பிளாக், ரேடியேட்டர் எதுவும் இல்லாமல் தடையின்றி ஓடும்போது கிடைக்கும் ஓட்டம். 4 மீட்டர் என்பது குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, நீர் அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும் உயரம். அப்போது ஓட்டம் பூஜ்யம். உண்மையான கணினி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் இயங்குகிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது பம்பு மட்டுமல்ல. உங்கள் சுற்றின் தடையும்தான். தடை மிகுந்த சுற்றாக இருந்தால், 1,000 லிட்டர் பம்பு 1,500 லிட்டர் பம்பைத் தோற்கடித்துவிடவும் கூடும்.

"என் கணினிப் பெட்டி அரை மீட்டர் உயரந்தானே, பிறகு 4 மீட்டர் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பதிலுக்குப் பினாங்குக் கொடிமலை ரயிலைப் பாருங்கள். ஒரு பெட்டி ஏறும்போது மற்றொரு பெட்டி இறங்குகிறது. இரண்டும் ஒரே கம்பி வடத்தில் கட்டப்பட்டிருப்பதால், இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணை செய்கிறது. மூடிய நீர்ச் சுற்றும் அப்படித்தான். ஒரு பக்கம் ஏறும் நீரின் எடையை, மறுபக்கம் இறங்கும் நீர் ஈடுசெய்துவிடுகிறது. சுற்று நிரம்பியபின் பம்பு உயரத்தோடு போராடுவதில்லை. குழாய்ச் சுவர்களிலும் வளைவுகளிலும் பிளாக்கின் நுண்ணிய இடுக்குகளிலும் ஏற்படும் உராய்வோடுதான் போராடுகிறது. அந்த 4 மீட்டர், உராய்வை வெல்லத் தேவையான அழுத்தத்தின் அளவு, வேறொன்றுமில்லை.

அந்த உராய்வுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகமாக ஓடும் நீரில், ஓட்டத்தை இரட்டிப்பாக்க அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும். நீரைத் தள்ளும் திறன் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிவரும் அளவு. எனவே அது எட்டு மடங்காகிறது. எட்டு மடங்கு உழைத்து, மேலே பார்த்த அந்த அரைப் பாகையைத்தான் சம்பாதிக்கிறோம். அதோடு விட்டதா? 20 வாட் இழுக்கும் பம்பில் அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி, பெரும்பகுதி நீரிலேயே சேர்கிறது. குளிர்விக்க வந்தவரும் சேர்ந்து அடுப்பு மூட்டுகிறார்!

பிளாக்குக்குள் இருக்கும் கால்வாய்கள்

உண்மையில் நீங்கள் அதிகம் அக்கறை காட்ட வேண்டியது வாட்டர் பிளாக்கில்தான். சில்லிலிருந்து வெப்பம் நீருக்குள் ஏறும் வாசல் அது. வாசல் குறுகியிருந்தால், வெளியே எத்தனை லாரி நின்றாலும் சரக்கு ஏறாது.

பழைய பிளாக்குகள் குடைந்தெடுத்த செப்புக் கட்டைகள்தான். 1990-களின் இறுதியில் ஆர்வலர்கள் மீன்தொட்டிப் பம்பையும் காரின் சூடேற்றிக்குரிய ரேடியேட்டரையும் இணைத்து வீட்டிலேயே இப்படிச் செய்துபார்த்தார்கள். ஆனால், சிறந்த பிளாக் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதற்கு முன்பே இருவர் காட்டிவிட்டார்கள். 1981-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மேன், பீஸ் என்ற ஆய்வாளர்கள் சிலிக்கான் துண்டிலேயே ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் அகலமுள்ள நுண்கால்வாய்களை வெட்டி, அவற்றில் நீரைச் செலுத்தினார்கள். தலைமுடியின் தடிமனுக்குச் சமமான கால்வாய்கள் அவை. ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 790 வாட் வரை அந்த அமைப்பு வெளியேற்றியது. இன்றைய மேசைக் கணினிச் சில்லைப்போல் ஏழெட்டு மடங்கு!

இதன் காரணம் எளிது. சுவரை ஒட்டி ஓடும் நீர் உராய்வால் மெதுவாக நகர்கிறது. அந்த மெல்லிய படலம் ஒரு போர்வை போல் வெப்பத்தைத் தடுக்கிறது. கால்வாய் குறுகக் குறுகப் போர்வையும் மெலிகிறது. கூடவே, ஒரே இடத்தில் பல சுவர்கள் நிற்பதால் நீரைத் தொடும் செப்புப் பரப்பும் பெருகுகிறது. இன்று கடையில் விற்கும் நல்ல பிளாக்கைத் திறந்து பார்த்தால், சீப்பின் பற்களைப்போல் நெருக்கமாக நிற்கும் செப்புத் தகடுகளைக் காண்பீர்கள்.

ஆனால், இங்கேயும் விலை ஒன்று கொடுக்க வேண்டும். கால்வாய் குறுகினால் நீருக்குத் தடை கூடும். அதைத் தள்ள பம்புக்கு அழுத்தம் வேண்டும். ஆகவே, பிளாக்கைத் தனியாகவும் பம்பைத் தனியாகவும் தேர்ந்தெடுக்க முடியாது. மாப்பிள்ளையும் பெண்ணும்போல் பொருத்தம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். நெருக்கமான பிளாக்குக்கு அழுத்தம் மிகுந்த பம்பு. தடை குறைந்த பிளாக்குக்கு நிதானமான பம்பே போதும்.

பிளாக் வாங்கும்போது இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று, அடிப்பகுதி செம்பாக இருக்கட்டும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு சிறந்தது. இரண்டு, செப்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே சுற்றில் சேர்க்காதீர்கள். நீர் நடுவில் நிற்க, இரு வேறு உலோகங்கள் ஒரு சிறு மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வேதியியல் பாடத்தில் எலுமிச்சம்பழத்தில் இரண்டு உலோகங்களைக் குத்தி விளக்கெரித்தீர்களே, அதே கதைதான். விலை மலிவாக இருக்கிறதே என்று இரண்டையும் கலந்து வாங்குபவர்கள் பிறகு அழுவார்கள்.

நான் செய்த தவறு

உபதேசம் செய்யும் நான் மட்டும் சரியாகத் தொடங்கினேன் என்று எண்ண வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நானே கட்டிய கணினி ஒன்று முதல் ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு சூடு மெல்ல மெல்ல ஏறியது. வாரத்துக்கு ஒரு பாகை, இரண்டு பாகை. பம்பு களைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். எதையும் அளந்து பார்க்கவில்லை. முடிவு மட்டும் செய்தேன். அதைவிட வலிமையான பம்பை வாங்கி மாட்டினேன். சத்தம் கூடியது. சூடு இரண்டு பாகைதான் குறைந்தது. அடுத்த மாதம் அதுவும் திரும்ப ஏறிவிட்டது.

கடைசியில்தான் பிளாக்கைத் திறந்தேன். நுண்கால்வாய்கள் முழுக்க வெள்ளை மெழுகு போன்ற ஒரு பசை. நான் வாங்கியிருந்த மலிவான மென்குழாய், வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்திருந்த ரசாயனத்தை வெப்ப நீரில் கக்கியிருந்தது. அந்தக் கால்வாய்கள் ஒரு வடிகட்டியைப்போல் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டன. பழைய பல்துலக்கியால் பத்து நிமிடம் தேய்த்தேன். குழாயை மாற்றினேன். பழைய பம்பையே திரும்பவும் பொருத்தினேன். சூடு முதல் நாள் அளவுக்கே இறங்கியது. வீணான பம்பின் விலையில் அன்று நான் கற்ற பாடம்: நோய் எது என்று பார்க்காமல் மருந்து வாங்காதே.

பினாங்கின் காற்று

இணையத்தில் நீங்கள் பார்க்கும் சோதனைகளில் பல, 20 அல்லது 22 பாகையில் இருக்கும் அறைகளில் நடப்பவை. குளிரூட்டி இல்லாத நம் வீட்டு அறையில் பகலில் 31, 32 பாகை சர்வ சாதாரணம். ரேடியேட்டரால் நீரை அறைக் காற்றைவிடக் கீழே குளிர்விக்க முடியாது. எத்தனை விலை கொடுத்தாலும் அந்தத் தரையைத் தாண்டி இறங்க வழியில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். அறை 32 பாகை. ரேடியேட்டர் நீரைக் காற்றைவிட 10 பாகை கூடுதலாக வைத்திருக்கிறது: 42. பிளாக்கிலும் வெப்பப் பசையிலும் 25 பாகை: 67. சில்லின் உள்ளிருந்து அதன் உலோக மூடியை அடைவதற்குள் 20 பாகை: 87. இந்தச் சங்கிலியில் பம்பை இரட்டிப்பாக்கினால் ஓரிரு பாகை குறையலாம். வெப்பப் பசையைச் சீராகத் தடவி, பிளாக்கை நான்கு மூலையும் சமமாக முடுக்கினால் அதைவிட அதிகம் குறையும். சுவரோடு ஒட்டி வைத்த கணினியை ஓர் அடி நகர்த்தி, சன்னலைத் திறந்து வைத்தால் அதுவும் பம்பை வென்றுவிடும். அதற்குக் காசே தேவையில்லை.

"அப்படியானால் தொட்டியில் பனிக்கட்டி போட்டால் என்ன?" என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்கிறார். ஐஸ் கச்சாங் கடையில் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறை 30 பாகையும் ஈரப்பதம் 80 விழுக்காடும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். உங்கள் பிளாக்கும் குழாயும் அப்படித்தான் வியர்க்கும். அந்த வியர்வை தாய்ப்பலகையில் சொட்டும். கடல் சூழ்ந்த நம் தீவில் பனிக்கட்டி விளையாட்டு வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

பெட்டியின் பெரிய எண்ணை விட்டுவிட்டு, இவற்றைக் கேளுங்கள்.

பம்பின் வேகத்தைக் கணினியால் கூட்டிக் குறைக்க முடியுமா? தேவைப்படும்போது மட்டும் உழைக்கும் பம்பு அமைதியாக இருக்கும், நெடுநாள் வரும். அது சுழலும் வேகத்தைக் கணினிக்குத் தெரிவிக்குமா? பம்பு நின்றுவிட்டால் நீரும் நின்றுவிடும். அது உடனே உங்களுக்குத் தெரிய வேண்டும். இன்றைய சில்லுகள் 100 பாகை அளவில் தாமாகவே வேகத்தைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும். அது கடைசிக் காவல்; அதை நம்பிக் கணினி கட்டக் கூடாது.

அந்தப் பம்புக்கு அந்த நிறுவனம் ஓட்டமும் அழுத்தமும் சேர்ந்த வரைபடத்தை வெளியிட்டிருக்கிறதா? நேர்மையான பம்பின் அடையாளம் அந்தக் கோடுதான். இரண்டு உச்ச எண்களை மட்டும் சொல்லிக் கோட்டை மறைப்பவரிடம் கவனமாக இருங்கள்.

பொருத்தும்போது, நீர்த்தொட்டிக்குக் கீழே பம்பை வையுங்கள். இந்த வகைப் பம்பு காற்றை உறிஞ்சி நீரை இழுக்காது. நீர் தானாக வந்து அதை நிரப்ப வேண்டும். அதன் உருளைக்கு உராய்வு நீக்கும் எண்ணெயும் நீர்தான். ஆகவே ஒரு நிமிடம்கூட வறட்சியில் ஓட்டாதீர்கள். பம்பும் பிளாக்கும் ஒன்றாக மூடிவரும் தயார்நிலைச் சாதனம் வாங்கினால், ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். காற்றுக் குமிழிகள் மேலே போய் ஒதுங்கிக்கொள்ளும், பம்புக்குள் சிக்காது. நீங்களே கட்டும் சுற்றாக இருந்தால், மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒருநாள் ஓடவிட்டு, எங்கும் கசியவில்லை என்று பார்த்த பிறகே கணினியை முடுக்குங்கள்.

குழாய் நீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கனிமங்கள் கால்வாய்களில் படியும். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த குளிர்நீரையே ஊற்றுங்கள். நம் வெப்பத்தில் பாசிக்கு வளரச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு இது தேவையா? பள்ளிப் பாடத்துக்கும் சாதாரண விளையாட்டுக்கும் பயன்படும் 65 வாட் செயலிக்கு, நல்ல மின்விசிறியோடு கூடிய உலோகக் குளிர்விப்பான் தாராளம். அதில் கசிய எதுவுமில்லை, நிற்கப் பம்புமில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது பணத்துக்கு மட்டுமல்ல, வாட்டுக்கும் பொருந்தும்.

இது விளையாட்டுப் பொருள் மட்டுமா?

இவ்வளவு பெரிய பேச்சு ஒரு பம்புக்கா என்று நினைக்கலாம். 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் தொடங்கியது நம் பினாங்கில்தான். அன்று தொடங்கி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகளைப் பொதிந்தும் சோதித்தும் வருகிறோம். உங்களில் பலருடைய பெற்றோர் அங்கே வேலை செய்கிறார்கள். ஒரு சில்லை முழுவேகத்தில் ஓட்டிச் சோதிக்கும்போதும் அதன் சூட்டைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அங்கேயும் பிளாக்கும் பம்பும்தான் பேசுகின்றன.

உலகம் போகும் திசையும் அதுவே. 2024-இல் என்விடியா அறிமுகப்படுத்திய ஜிபி200 என்விஎல்72 என்ற அடுக்கில் 72 வரைகலைச் சில்லுகள். ஓர் அலமாரி அளவுள்ள அந்த ஒன்றே ஏறத்தாழ 120 கிலோவாட் எடுத்துக்கொள்கிறது. அறுபது மின்னடுப்புகளை ஓர் அலமாரிக்குள் வைத்தது போல! அதை விசிறியால் குளிர்விக்க முடியாது. ஒவ்வொரு சில்லின் மேலும் நீர் ஓடும் பிளாக் இருக்கிறது. ஜொகூரில் தரவு மையங்கள் பெருகிவருவதை நாளேட்டில் படிக்கிறீர்கள். அந்த மையங்களுக்குத் தேவைப்படும் பொறியாளர் யார்? எட்டு மடங்கு திறனைச் செலவழித்து அரைப் பாகை சம்பாதிப்பவரா, தேவையை அளந்து தேர்ந்தெடுப்பவரா?

நீரையும் மறக்கக் கூடாது. உங்கள் கணினியின் மூடிய சுற்றில் ஒரு லிட்டர் நீர் ஓராண்டு ஓடும். ஆனால், பெரிய மையங்கள் பல, வெப்பத்தை இறுதியாக வெளியேற்ற நீரை ஆவியாக்குகின்றன. 1 கிலோவாட் வெப்பத்தை முழுவதும் ஆவியாதலால் மட்டுமே போக்குவதானால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் போய்விடும். 120 கிலோவாட் அடுக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4,000 லிட்டருக்கு மேல். பினாங்கின் கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆறு ஒன்றிலிருந்தே வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றும் பணிக்காக நீர் நிறுத்தப்பட்டபோது, வாளிகளைத் தூக்கிய நினைவு உங்களுக்கு இருக்கும். நம்மைப் போன்ற மாநிலத்தில், வெப்பத்தையும் நீரையும் கணக்கிடத் தெரிந்தவர்கள் நிறைய வேண்டும்.

அந்தக் கணக்கைப் பழகத் தரவு மையம் வேண்டாம். வீட்டு மேசை போதும். வரும் விடுமுறையில் ஒரு தாளை எடுங்கள். உங்கள் கணினியின் செயலி எத்தனை வாட் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 1, 2, 4 லிட்டர் என்று வைத்து, வெப்பநிலை உயர்வைக் கணக்கிடுங்கள். உங்கள் அறையின் வெப்பநிலையை மதியம் இரண்டு மணிக்கு அளந்து, பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு கொம்தாருக்குப் போங்கள்.

அன்று என்னிடம் கேட்ட மாணவர், கடைசியில் இரண்டு பம்புப் பெட்டிகளையும் அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஒரு குழல் வெப்பப் பசை மட்டும் வாங்கிச் சென்றார். ஒரு வாரம் கழித்து அதே கடையில் பார்த்தேன். "அங்கிள், ஆறு பாகை குறைஞ்சிருச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்த வண்ண விளக்குப் பம்பும் தந்திருக்காது.